புதிய கேமராவுக்கு முன் ஒரு கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாத இறுதியில், புகைப்பட ஆர்வம் கொண்ட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் சூடுபிடித்துவிடும். ஜப்பானின் யோக்கோஹாமா நகரில் ‘சிபி பிளஸ்’ கேமரா கண்காட்சி நடைபெறும் நேரம் அது. எந்த நிறுவனம் எந்த கேமராவைக் கொண்டுவந்தது, புதிய லென்ஸ் என்ன விலை என்ற தகவல்கள் நிமிடத்துக்கு நிமிடம் வந்து விழும். அவற்றைப் படித்த கையோடு, பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் எவ்வளவு இருக்கிறது என்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு.

அந்தச் செய்திகளைப் படிப்பதில் தவறில்லை. நானும் விரும்பிப் படிப்பவள்தான். ஆனால், அவை யாரை மனத்தில் வைத்து வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டு படித்தால் நம் பணமும் மிஞ்சும், படங்களும் மேம்படும் என்பது என் கருத்து.

ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் புள்ளிவிவரப்படி, 2010ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட மின்னிலக்க கேமராக்களின் எண்ணிக்கை சுமார் 121 மில்லியன். 2020ல் அது 9 மில்லியனுக்கும் கீழே இறங்கியது. 2024ல் ஏறத்தாழ 8.5 மில்லியன். திறன்பேசி வந்தபின் சாதாரண கேமராவை வாங்குவோர் ஏறக்குறைய காணாமல் போய்விட்டனர். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1950 முதல் நடந்துவந்த ‘ஃபோட்டோகினா’ என்ற மாபெரும் கண்காட்சிகூட 2018க்குப் பிறகு நடக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அது காலவரையின்றி நிறுத்தப்பட்டது.

வாங்குவோர் குறைந்தால் விற்பவர் என்ன செய்வார்? குறைந்த எண்ணிக்கையில், கூடுதல் விலையில் விற்பார். 2025 சிபி பிளஸ் கண்காட்சியையொட்டி சிக்மா நிறுவனம் அறிவித்த ‘பிஎஃப்’ கேமராவைப் பாருங்கள். ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து அதன் உடற்பகுதியைச் செய்ய ஏழு மணி நேரம் ஆகிறது. மெமரி கார்டுக்கு இடமில்லை. 230 ஜிபி நினைவகம் உள்ளேயே இருக்கிறது. அறிமுகமானபோது அதன் விலை, லென்ஸ் இல்லாமல், 1,999 அமெரிக்க வெள்ளியாக இருந்தது. அதே வேளையில் வந்த 300-600 மில்லிமீட்டர் லென்ஸின் எடை மட்டும் கிட்டத்தட்ட 4 கிலோ; அறிமுக விலையோ ஏறத்தாழ 6,000 அமெரிக்க வெள்ளியாக இருந்தது. இரண்டுமே வியக்கத்தக்க பொருள்கள்தான். ஆனால், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவரை நினைத்து வடிவமைக்கப்பட்டவை அல்ல. கண்காட்சி மேடையின் முன்வரிசை நமக்குரியதல்ல என்று தெரிந்துகொண்டால் பாதி ஏக்கம் குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு சிறு கணக்கு போதும். தைப்பூசத்தன்று விடியும் முன்னரே சிராங்கூன் சாலையில் பால்குடங்களும் காவடிகளும் புறப்படும். அந்த இருளில் படமெடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும்: முகங்கள் மங்கும், கைகள் அசைந்து கலங்கும். “என் கேமரா பழசு, அதனால்தான்” என்று பலரும் முடிவுக்கு வருவார்கள். பெரும்பாலும் குறை லென்ஸில் இருக்கிறது.

கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் சாதாரண ஜூம் லென்ஸ், நீட்டிய நிலையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். மலிவான 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். உள்ளே வரும் ஒளி இந்த எண்களின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5.6ஐ 1.8ஆல் வகுத்தால் 3.1, அதன் வர்க்கம் ஏறத்தாழ 9.7. அதாவது, கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி! முன்பு 1/15 வினாடி தேவைப்பட்ட படத்தை இப்போது 1/125 வினாடியில் எடுத்துவிடலாம். மாறாக, சிறிய ஏபிஎஸ்சி சென்சார் உள்ள கேமராவைக் கைவிட்டு விலையுயர்ந்த ‘முழுச்சட்ட’ கேமராவுக்கு மாறினால் கிடைப்பது என்ன? சென்சாரின் பரப்பளவு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. எங்கே பணத்தைப் போடலாம் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

அந்தச் சிறிய லென்ஸுக்கும் குறைகள் உண்டு. ஜூம் கிடையாது, நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். முழுமையாகத் திறந்தால் கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். ஆனால் அந்தக் குறைகளோடு பழகும்போதுதான் எங்கே நிற்பது, எதைத் தெளிவாகக் காட்டுவது என்று யோசிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

“அப்படியென்றால் புதிய கேமராக்களால் பயனே இல்லையா?” என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. பரதநாட்டிய அரங்கேற்றத்தில் சத்தமே இல்லாமல் படமெடுக்க முடிவதும், ஓடும் பிள்ளையின் கண்ணைக் கேமரா தானே தொடர்ந்து குவிப்பதும் உண்மையான முன்னேற்றங்கள். திருமணங்களைப் படமெடுத்துச் சம்பாதிப்பவருக்கு அது தொழில் முதலீடு. நான் சொல்வதெல்லாம் இதுதான்: “இப்போதுள்ள கருவியால் எடுக்க முடியாத எந்தப் படத்தை இது எடுத்துத் தரும்?” என்ற கேள்விக்கு உங்களிடம் தெளிவான பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் காத்திருங்கள்.

கண்காட்சிச் செய்திகளில் நாம் கவனிக்கத் தவறும் இன்னொன்று ‘மவுண்ட்’. லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையம் அது. உடற்பகுதியைச் சில ஆண்டுகளில் மாற்றுவோம். லென்ஸ்கள் பல ஆண்டுகள் நம்மோடு இருக்கும். எனவே முதல் கேமரா வாங்கும்போது நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு மவுண்டைத்தான்.

கேனானின் பழைய ‘இஎஃப்’ மவுண்ட் 1987ல் வந்தது. அதில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் 44 மில்லிமீட்டர். 2018ல் வந்த ‘ஆர்எஃப்’ மவுண்டில் அது 20 மில்லிமீட்டர். இடையில் 24 மில்லிமீட்டர் மிச்சம் இருப்பதால், ஓர் இணைப்பு வளையத்தைப் போட்டு அந்தப் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பயன்படுத்தலாம். புதிய லென்ஸைப் பழைய கேமராவில் பொருத்த வழியில்லை. அதேபோல், எந்த மவுண்டுக்குப் பிற நிறுவனங்களும் லென்ஸ் செய்கின்றன என்பதும் முக்கியம். சோனி 2011லேயே தன் ‘இ’ மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது. ஆர்எஃப் மவுண்டுக்கு உரிமத்துடன் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் 2024ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டன. போட்டி இருக்கும் இடத்தில்தான் மாணவருக்குக் கட்டுப்படியாகும் விலை இருக்கும்.

இன்னொரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் கண்ணாடியில்லா கேமராக்களுக்கு மாறியதால், நல்ல நிலையில் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராக்களையும் அவற்றின் லென்ஸ்களையும் பலர் விற்றுவருகின்றனர். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள பெனின்சுலா கடைத்தொகுதிகளில் ஒரு சனிக்கிழமை சுற்றிப் பாருங்கள். வாங்கும் முன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதம் லென்ஸுக்குப் பகை.

இறுதியாக, பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இயங்கும் தமிழ் மன்றங்களுக்கும் புகைப்படக் குழுக்களுக்கும் ஒரு யோசனை. நிதி கிடைத்தால் புதிய உடற்பகுதி ஒன்றை வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பதைவிட, உறுப்பினர்கள் பலர் பயன்படுத்தும் மவுண்டில் இரண்டு மூன்று நல்ல லென்ஸ்களை வாங்கி, நூலகப் புத்தகம்போல் இரவல் கொடுங்கள். இப்போது நம் நாடக விழாக்களையும் தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளையும் சொந்தமாக நல்ல கருவி வைத்திருக்கும் ஓரிருவரே படமெடுக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் கோணமே நம் நினைவாக எஞ்சுகிறது. பத்துப் பேர் கையில் லென்ஸ் சுழன்றால், மேடையின் பின்னால் ஒப்பனை போடுபவரும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியும் படத்தில் வருவார்கள்.

அடுத்த பிப்ரவரியிலும் யோக்கோஹாமாவிலிருந்து புதுச் செய்திகள் வரும். ஆர்வத்தோடு படியுங்கள். படித்து முடித்ததும் கடையின் இணையப்பக்கத்தைத் திறப்பதற்கு முன், கையில் இருக்கும் கேமராவில் மாட்டியிருப்பது எந்த லென்ஸ் என்று ஒருமுறை பாருங்கள்.