யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நினைவுத்தூபியும் நாமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி நிற்கின்றது. 2009 மே மாதம் முடிவுற்ற போரில் மடிந்த பொதுமக்களுக்காக 2019-இல் எழுப்பப்பட்டது அது. இறுதிக்கட்டப் போரில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் அறிக்கை அளித்ததை அன்பர்கள் அறிவீர்கள்.

2021 சனவரி 8-ஆம் நாள் இரவு அத்தூபி இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். வடக்கிலும் கிழக்கிலும் கடையடைப்பு நடந்தது. தமிழ்நாட்டிலும் கண்டனம் எழுந்தது. மூன்றே நாளில், சனவரி 11 அதிகாலையில், துணைவேந்தரே வந்து புதிய தூபிக்கு அடிக்கல் நாட்டினார். ஏப்ரல் 23-இல் அது திறக்கப்பட்டது.

இடித்தமைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, உரிய ஒப்புதலின்றிக் கட்டப்பட்டது என்பது. அப்படியாயின் ஒப்புதலை வழங்கியிருக்கலாமே! பகலில் மாணவரை அழைத்துப் பேசியிருக்கலாமே! விதியை நிலைநாட்ட வந்தவர்களுக்கு இருட்டு எதற்கு?

மற்றொன்று, கல்விக்கூடத்தில் போர் நினைவுச்சின்னம் இருப்பது இன ஒற்றுமைக்கு ஊறு என்பது. இதைத்தான் ஓர் ஆசிரியை என்ற முறையில் என்னால் ஏற்கவே இயலவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கடலைத் தாண்டினால் பினாங்குத் தீவில் சுங் லிங் உயர்நிலைப்பள்ளி இருக்கின்றது. சப்பானியர் ஆட்சியில் கொல்லப்பட்ட அப்பள்ளியின் 8 ஆசிரியர்களுக்கும் 46 மாணவர்களுக்கும் பள்ளி வளாகத்திலேயே நினைவுச்சின்னம் உண்டு. அதனால் பினாங்கில் எவருடைய ஒற்றுமை கெட்டது? அங்குப் பயிலும் பிள்ளைகள் யாரையேனும் வெறுக்கவா கற்றார்கள்? தம் வகுப்பறையில் தமக்கு முன் அமர்ந்திருந்தவர்கள் யாவர் என்பதைக் கற்றார்கள். அது பாடநூலில் கிடைக்காத பாடம்.

யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. அங்குப் படிக்க வரும் மாணவருள் உறவை இழக்காத வீட்டிலிருந்து வருவோர் எத்தனை பேர் இருப்பர்? அவர்கள் விளக்கேற்ற ஓரிடம் கேட்கிறார்கள். படிக்கும் இடத்தில் அழக்கூடாது என்று சொல்வதற்கு நாம் யார்?

இதை அயல்நாட்டுச் செய்தி என்று மலேசியத் தமிழர் தள்ளிவிட முடியாது. நடுகல் இல்லாத சாவு எத்தகையது என்பதை நம்மைவிட அறிந்தோர் யார்? 1942-43-இல் தோட்டப்புறங்களிலிருந்து இரயிலேற்றிக் கொண்டுசெல்லப்பட்டு, சயாம் மரண இரயில்பாதையில் மாண்ட நம் மக்கள் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் மேலைநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம்மவர்க்கோ, தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால் 2024 மே 1-ஆம் நாள்தான் அங்கு ஒரு நடுகல் எழுந்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள்! அதற்குள் மாண்டவர்களின் பிள்ளைகளே பலர் மறைந்துவிட்டனர். பெயர்களைக் கேட்டறிய இனி யாரிடம் செல்வது?

அந்த இழப்பு யாழ்ப்பாணத்து மாணவர்க்கு நேரவில்லை. பெயர்களைச் சொல்ல வல்லவர்கள் உயிரோடிருக்கும்போதே கல்லை நட்டுவிட்டார்கள். இடித்த பின்னும் மீண்டும் நட்டார்கள். நம் தமிழ்ப்பள்ளி வளாகம் ஒன்றிலேனும் சயாமுக்குச் சென்று மீளாத அவ்வட்டாரத் தோட்ட மக்களுக்கு ஒரு சிறு கல் நட என்ன தடை? பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசலாம். ஒப்புதலை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்!