சாம்பியன் டீமுக்கே ஷட்டர்! ஜெயிச்சும் ஏன் மூடினாங்க?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமார் ரேஸிங் டீம் 991 பிரிவில் மூணாவது இடம் பிடிச்சப்போ, உங்க ஸ்டேட்டஸ்லயும் அந்த வீடியோ ஓடியிருக்கும். "ஒரு ரேஸ் டீம் நிலைச்சு நிக்க என்ன வேணும்?"னு கேட்டா, நம்மில் பலரும் சொல்ற பதில் "ஜெயிக்கணும், அவ்வளவுதான்". ஆனால் அமெரிக்காவில் ஒரு குட்டி டீம் தேசிய சாம்பியன் பட்டமே ஜெயித்தது. அடுத்த வருஷமே இழுத்து மூடியது.

அது ஸ்டாக் கார் ரேஸ் டீம். ஸ்டாக் கார் என்றால், ஷோரூமில் நிற்கும் கார் மாதிரியே தோற்றம் கொண்ட ரேஸ் கார். ஆரம்பத்தில் நிஜமாகவே கடையில் வாங்கிய காரைத்தான் ஓட்டினார்கள். இப்போது தோற்றம் மட்டும்தான் அப்படி, உள்ளே எல்லாமே ரேஸுக்கென செய்தது. பெரும்பாலும் முட்டை வடிவ டிராக்கில் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் வீதிகளை வலமாகச் சுற்றும். இவர்கள் இடமாகச் சுற்றுவார்கள். இந்த ரேஸ்களை நடத்தும் அமைப்பின் பெயர் நாஸ்கார்.

நம்ம ஊர்க்காரரும் ஓட்டினார்!

கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் டிரக் சீரிஸில் ஓட்டினார். அந்த சீசனில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு 'மோஸ்ட் பாப்புலர் டிரைவர்' விருதும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர் எஃப்1-க்குத் திரும்பி, ஹிஸ்பானியா என்ற குட்டி டீமில் சேர்ந்தார். மூணு சீசன் ஓடியும் ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் 2012 முடிவில் அந்த டீம் காணாமல் போனது. "தோத்தாங்க, மூடினாங்க" என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அடுத்து வருவதுதான் புரியாத கணக்கு.

சோபா விற்றவர் கட்டிய டீம்

பார்னி விஸ்ஸர் ஒரு ஃபர்னிச்சர் வியாபாரி. அவர் 2005-ல் டென்வர் நகரில் ஆரம்பித்த டீம், ஃபர்னிச்சர் ரோ ரேஸிங். நாஸ்கார் டீம்கள் பெரும்பாலும் சார்லட் நகரைச் சுற்றித்தான் இருக்கும். மெக்கானிக், பார்ட்ஸ், சப்ளையர் எல்லாம் அங்கேதான். டென்வரோ அங்கிருந்து சுமார் 2,500 கி.மீ. ஏறக்குறைய திருச்சியிலிருந்து டெல்லி போகிற தூரம்!

பல வருஷம் ஒரே ஒரு காரை வைத்துத்தான் ஓட்டினார்கள். முதல் வெற்றி வரவே 2011 ஆனது. 2014-ல் மார்ட்டின் ட்ரூக்ஸ் ஜூனியர் டிரைவராக வந்தார். 2016-ல் டொயோட்டாவுக்கு மாறி, ஜோ கிப்ஸ் ரேஸிங் என்ற பெரிய டீமோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்தார்கள். அதன்பிறகு ஏறுமுகம்தான். 2017-ல் 8 ரேஸ் வெற்றி, கூடவே சாம்பியன் பட்டம்.

2018 ஜூலையில் வந்தது அடி. முக்கிய ஸ்பான்சரான '5 ஹவர் எனர்ஜி', சீசன் முடிந்ததும் விலகுவதாகச் சொன்னது. பெரிய டீமோடு வைத்த கூட்டுக்கான செலவும் ஏறிக்கொண்டே போனது. புது ஸ்பான்சர் கிடைக்கவில்லை. செப்டம்பரிலேயே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அப்படி இருந்தும் அந்த சீசனில் இரண்டாம் இடம்! டிரைவர், அதே ஜோ கிப்ஸ் டீமுக்குப் போய்விட்டார்.

துவாக்குடிக்குத் தெரிந்த பாடம்

இதை அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. திருச்சிக்காரர் என்றால் உங்கள் சொந்தத்திலேயே யாராவது பார்த்திருப்பார்கள். துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் 'பெல்' ஆர்டரை மட்டுமே நம்பி எத்தனையோ ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் வளர்ந்தன. ஆர்டர் குறைந்ததும் பல யூனிட்கள் கடனில் மாட்டின, சில மூடின. வெல்டிங்கில் குறை இல்லை, வேலைத்திறனில் குறை இல்லை. கஸ்டமர் ஒருத்தர்தான் என்பதுதான் குறை. ஃபர்னிச்சர் ரோ மாட்டியதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான்.

ரேஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரிக்கெட் டீம் மாதிரி டிக்கெட், ஒளிபரப்புப் பணத்தை வைத்தே குட்டி டீம் பிழைத்துவிட முடியாது. டயர், இன்ஜின், பயணம், சம்பளம் எனச் செலவு வாராவாரம் வந்து நிற்கும். வரவில் பெரும்பங்கு காரில் ஒட்டும் ஸ்டிக்கரிலிருந்துதான் வரணும். தேர் வடத்தை ஊரே பிடித்தால் நாலு பேர் கை விட்டாலும் தேர் நகரும். ஒருத்தரே இழுத்தால்?

இதற்காகவே 2016-ல் 'சார்ட்டர்' என்ற உரிமத்தை நாஸ்கார் கொண்டுவந்தது. கையில் சார்ட்டர் இருந்தால் எல்லா ரேஸிலும் இடம் உறுதி, வருமானத்திலும் பங்கு உண்டு. ஆனால் அது காலக்கெடு கொண்ட ஒப்பந்தம். ஃபர்னிச்சர் ரோ தன் சார்ட்டரை ஸ்பையர் என்ற புது டீமுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. "இந்த உரிமம் நிரந்தரமாக வேண்டும்" என்று மைக்கேல் ஜோர்டன் பங்குதாரராக இருக்கும் 23எக்ஸ்ஐ உட்பட இரண்டு டீம்கள் 2024-ல் கோர்ட்டுக்குப் போயின. 2025 டிசம்பரில் சமரசம் ஆகி, சார்ட்டர் நிரந்தரமானது. இனி டீமை நடத்துபவர் கையில் விற்கக்கூடிய ஒரு சொத்தாவது மிஞ்சும். ஆனால் வாராந்திரச் செலவுக்கு ஸ்பான்சர் தேடும் வேலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

உங்க காலேஜில் கார் கட்டும் டீம் இருக்கா? இல்லை, நண்பர்களோடு ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிற ஐடியாவா? அப்போ ஒரு பேப்பரில் உங்களுக்குப் பணம் தருபவர்களின் பெயரை வரிசையாக எழுதிப் பாருங்க. அதில் முதல் பெயரை அடித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து ஆறு மாசம் தாங்குமா என்று கணக்குப் போடுங்க. தாங்காது என்றால், கோப்பையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் இரண்டாவது ஸ்பான்சரைத் தேடுங்க பாஸ்!