பல்லு வாயில, பல்லோட சீட்டு எங்க?

அமெரிக்கா, சிங்கப்பூர்னு இருக்குற நம்ம ஊர்ப் பிள்ளைங்க லீவுக்கு வர்றப்போ குலதெய்வக் கோயிலோட பல் வேலையையும் சேர்த்து வச்சிக்கிறாங்க. தப்பில்ல. அமெரிக்காவுல முதியோருக்கான மெடிகேர் காப்பீடே சாதாரண பல் வைத்தியத்துக்குப் பணம் தராது.

என் வருத்தம் வேற. திரும்பிப் போறப்போ கருவாடு, ஊறுகாய்னு பெட்டி கட்டுறாங்க. வைத்தியம் பாத்த காயிதம் ஒண்ணும் அதுல இல்ல. இம்ப்ளாண்ட்ங்கறது தாடை எலும்புல முறுக்குற ஸ்க்ரூ. கம்பெனிக்குக் கம்பெனி அளவும் வேற, முறுக்குற கருவியும் வேற. நம்ம மோட்டார் நட்டுக்கு ஸ்பேனர் பாக்குற கததான். என்ன கம்பெனி, என்ன சைஸுனு தெரியாம அங்க இருக்குற டாக்டர் எதை வச்சிக் கழட்டுவாரு? அந்த விவரம் பாக்கெட் ஸ்டிக்கர்லயே இருக்கும், கேட்டு வாங்குங்க. எலும்பு பிடிக்கவே பொதுவா 3லேருந்து 6 மாசம் ஆகும். மூணு வார லீவுல முடிச்சிடலாம்னு வராதீங்க.

மரக்காணம் உப்பளத்து ஆளுங்களுக்கு வெளியூர் வைத்தியம்னா பாண்டிச்சேரிதான். (1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊரு, அப்ப நெசமாவே வெளிநாடு!) இவங்களும் எக்ஸ்ரேவ டாக்டரோட கம்ப்யூட்டர்லயே விட்டுட்டு வர்றாங்க. அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னா இன்னொரு நாள் கூலி போச்சு.

நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல ஆவணம் தரணும்னு டாக்டர்களுக்கான 2002ஆம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதி சொல்லுது. பல் டாக்டர்கிட்டயும் அதே மாதிரி கேளுங்க. பட்டாவுக்குத் தாலுக்கா ஆபீஸ் எத்தன தடவ ஏறி இறங்குறோம், இதுக்கு என்ன கூச்சம்? வாட்ஸ்அப்புல அனுப்பச் சொன்னாலே போதும்.