திசைவேகத்தில் திசை எங்கே?

தமிழ்த்துறை மலரில் இயற்பியல் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம் மாணாக்கர் இடறி விழுவது பெரும்பாலும் கணிதத்தில் அன்று, சொல்லில்தான் என்று கருதுவதாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

மேனிலை வகுப்பிலேயே வரும் கணக்கு ஒன்று. 40 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல், விநாடிக்கு 10 மீட்டர் திசைவேகத்தில், செங்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது. தரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? புவியீர்ப்பு முடுக்கம் 9.8, எளிமைக்காக 10 எனக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம்.

மாணவர் வாய்பாட்டை நினைவுகூர்கிறார். 40, 10, 10 என எண்களை இடுகிறார். 2 விநாடி என்று விடை காண்கிறார். பெருக்கலில் பிழையில்லை. ஆயின் அது கல்லைக் கீழ்நோக்கி எறிந்தவனுக்கு உரிய விடை! மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், முடுக்கமும் இடப்பெயர்ச்சியும் எதிர்க்குறி பெறும். விடை 4 விநாடி. திசைவேகம் என்று எத்தனையோ முறை எழுதியவர், அச்சொல்லின் முற்பாதியைப் படிக்கவே இல்லை.

முடுக்கம் என்னும் சொல்லோ நம்மைச் சற்று ஏமாற்றவும் செய்கிறது. முடுக்குதல் என்றால் விரைவுபடுத்துதல் என்றே வழங்குகிறோம். அதனால், உச்சியில் கணப்பொழுது ஓயும் கல்லுக்கு முடுக்கமும் சுழியே என எழுதுவோர் பலர். அங்கே சுழியாவது திசைவேகம் மட்டுமே. முடுக்கமும் சுழியானால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடுமன்றோ?

அதே சமன்பாடு −2 என்று மற்றொரு விடையும் தருகிறது. காலம் எதிர்க்குறி ஆகாது என்று சொல்லி அதனை அடித்துவிடுகிறோம். மாணவப் பருவத்தில் நாமும் அடித்தவர்களே. ஆனால் அது பொருளற்றதன்று. எறிவதற்கு 2 விநாடி முன்னர், தரையிலிருந்து 30 மீட்டர் திசைவேகத்தில் புறப்பட்ட கல்லும், கோபுர உச்சியை இதே 10 மீட்டர் திசைவேகத்துடன் கடந்து மேலேறும். நம் கல் தரையில் விழும்போது பெறும் வேகமும் அந்த 30-தான். வினாவுக்கு வேண்டாத விடை எனினும், எவ்வளவு அழகான விடை!

கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் தேற்றங்களை இலத்தீனில் தந்து, அவற்றைப் பற்றிய உரையாடலைத் தம் தாய்மொழியாகிய இத்தாலியத்தில் அமைத்தார். நம் வகுப்புகளில் தேற்றம் உண்டு, உரையாடல்தான் இல்லை.

எனவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணை இடுமுன், கல் எவ்வாறு இயங்குகிறது, எத்திசையை நேர்க்குறியாகக் கொண்டோம் என்று ஒரு வாக்கியம் எழுதச் செய்யுங்கள். அதற்கென ஒரு மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள். ஆங்கில வழியில் பயில்வோர் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். தமிழ்த்துறைக்கு அதில் வருத்தமில்லை.