புளிப்பில் எழும் வாயுவும் பொருளாக்கும் வழியும்

அப்பத்துக்குக் கள் விட்டுக் கரைத்த மா விடியுமுன் பொங்கி நிற்பதையும், பனையிலிருந்து இறக்கிய முட்டியின் வாயில் நுரை ததும்புவதையும் அறியாதார் நம்மவருள் இலர். மாவைப் பொங்கச் செய்வதும் நுரையை எழுப்புவதும் ஒரே வாயுவாகும். முன்னாளில் கரியமிலவாயு என வழங்கிய அதனை இந்நாளைய பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என்கின்றன. உலகை வெம்மையுறச் செய்கின்றதென்று பழிக்கப்படும் இவ்வாயுவைத் தொழிற்சாலை வாயிலிலேயே பிடித்து விலைப்பொருளாக்கி இலாபமும் ஈட்டலாம் என்னும் பேச்சு இன்று எங்கும் எழுந்துள்ளது. அப்பேச்சில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என ஆராய்வது, இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும் தொழில்துறையில் ஈடுபட்டுள்ள பழைய மாணவர்க்கும் பயன்படுமென எண்ணுகின்றேன்.

இம்முயற்சி புதியதன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1767ஆம் ஆண்டு குடியேறிய யோசேப்பு பிறீஸ்லி என்னும் அறிஞரின் வீட்டுக்கு அருகே மதுவடிக்கும் சாலை ஒன்றிருந்தது. அங்கே புளிக்கும் தொட்டிகளின் மேல் தங்கி நின்ற வாயுவை அவர் ஆராய்ந்தார். அதனை நீரிற் கரைக்கும் முறையை 1772இல் நூலாக வெளியிட்டார். அவர் அதனால் பொருள் தேடவில்லை. 1783இல் ஜெனீவா நகரில் சுவெப் என்பவர் அதே முறையைத் தொழிலாக்கிப் பெரும் வணிகத்துக்கு வித்திட்டார். நாம் கடையில் வாங்கும் சோடாவின் வரலாறு மதுத்தொட்டியின் நுரையிலிருந்தே தொடங்குகின்றது.

புளிப்பின் கணக்கு மிக எளிது. 180 கிராம் குளுக்கோசை மதுவம் சிதைக்கும்போது 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் உண்டாகின்றன. ஆகவே ஒரு தொன் எதனோல் வடிக்கும் ஆலை, ஏறத்தாழ ஒரு தொன் வாயுவையும் விளைவிக்கின்றது. முன்னதைப் பீப்பாயில் நிரப்பிக் காவலிட்டு விற்கும் முதலாளி, பின்னதைக் கூரைவழியே போக்கிவிடுகின்றார்! அன்றியும், மூடிய கலங்களிற் புளிக்கும்போது வெளிவரும் வாயு, ஈரம் நீக்கியபின் 99 சதவீதத்துக்கு மேல் தூயது. நிலக்கரி மின்னிலையப் புகையிலோ இவ்வாயு 15 சதவீதமளவே உண்டு. அதனைப் பிரித்தெடுக்கவே பெருஞ்செலவாகும். புளிப்பாலைக்கு அச்செலவு இல்லை. கழுவுதல், உலர்த்தல், அமுக்கித் திரவமாக்கல் ஆகியனவே எஞ்சிய வேலைகள்.

இதற்குச் சந்தை உண்டா எனக் கேட்பார்க்கு அண்மை வரலாறே விடை பகரும். 2020ஆம் ஆண்டு கொள்ளைநோயால் ஐக்கிய அமெரிக்காவில் வாகனப் போக்குவரத்துக் குறைந்தது; அதனால் எரிபொருளோடு கலக்கும் எதனோலை ஆக்கும் ஆலைகள் பல மூடப்பட்டன. உடனே குளிர்பானம் ஆக்குவோரும் இறைச்சி பதனிடுவோரும் காபனீரொட்சைட்டுக்கு முட்டுப்பாடு வருமென அஞ்சி அரசிடம் முறையிட்டனர். பிரித்தானியாவில் 2021 செப்தெம்பரில் இயற்கைவாயுவின் விலை ஏறியதால் இரு பசளை ஆலைகள் நின்றபோதும் இத்தகைய நெருக்கடி நேர்ந்தது. வீணென்று கருதப்பட்ட பொருள் இல்லாதபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

ஆயினும், விற்க முடிந்த அளவிலே உலகுக்கு நன்மை விளைந்ததென்று முடிவு செய்தல் தவறு. இலாபத்தை எடைபோட மூன்று வினாக்கள் வேண்டும். இந்தக் காபன் எங்கிருந்து வந்தது? அதனைப் பொருளாக்கும் சக்தி எங்கிருந்து வருகின்றது? அப்பொருளில் அது எத்துணைக் காலம் தங்கும்?

முதல் வினாவுக்குப் புளிப்பாலை நல்ல விடை தருகின்றது. கரும்பும் சோளமும் காற்றிலிருந்து எடுத்த காபனே அங்கு மீள வெளிவருகின்றது. அது நிலத்தடி எரிபொருளிலிருந்து பெறும் வாயுவுக்குப் பதிலாக நிற்குமாயின் நன்மை மெய்யானது. நெதர்லாந்தில் கண்ணாடி வீடுகளுள் மரக்கறியும் மலரும் வளர்ப்போர், பயிருக்கு இவ்வாயுவை ஊட்டுதற்காகவே கோடையிலும் இயற்கைவாயுவை எரித்து வந்தனர். 2005 முதல் குழாய்வழி இவ்வாயு அவர்களுக்கு வழங்கப்படுகின்றது. முதலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும், பின்னர் ரொட்டர்டாம் எதனோல் ஆலையிலிருந்தும் அது பெறப்பட்டது. வீண் எரிப்பு அந்த அளவுக்குத் தவிர்ந்தது.

இரண்டாம் வினாவில்தான் பலர் மயங்குகின்றனர். தென் டென்மார்க்கின் காசோ என்னுமிடத்தில், சாணவாயு நிலையத்திலிருந்து பெறும் காபனீரொட்சைட்டை மெதனோலாக்கும் ஆலை 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 42,000 தொன் ஆக்கவல்ல அவ்வாலையின் மெதனோல் கப்பல்களுக்கும் எரிபொருளாகும். வியத்தகு செயலே. ஆனால் 32 கிலோகிராம் மெதனோலுக்கு 6 கிலோகிராம் ஐதரசன் வேண்டும். நீரை மின்னாற் பகுத்து ஒரு கிலோகிராம் ஐதரசன் பெற ஏறத்தாழ 50 கிலோவாற்று மணி செலவாகும். எனவே ஒரு கிலோகிராம் மெதனோலுக்கு ஒன்பது கிலோவாற்று மணிக்கு மேல் செலவிட்டு, அதனை எரிக்கும்போது ஐந்தரை அளவையே மீளப் பெறுகின்றோம். அருகே பெரிய சூரிய மின்னிலையம் கொண்ட காசோவுக்கு இது தகும். நுரைச்சோலையில் நிலக்கரி எரிக்கும் நமக்கு இன்று தகாது.

மூன்றாம் வினாவுக்கு நம் வயல்களே சான்று. உலகில் இவ்வாயுவை மிகுதியாக உட்கொள்ளும் தொழில் யூரியா ஆக்கலே. ஒரு தொன் யூரியாவுக்கு ஏறத்தாழ முக்கால் தொன் வாயு செல்லும். ஆனால் அதனை வயலில் வீசியதும், மண்ணிலுள்ள நொதியம் சில நாட்களில் அதனைச் சிதைத்து வாயுவை விடுவிக்கின்றது. சோடாவில் அது தங்குவது நாழிகைக் கணக்கு. சீமெந்துக் கற்களுட் செலுத்திச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றினாலோ நூற்றாண்டுகள் தங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கள் மரத்திலேயே, முட்டியிலேயே புளிக்கத் தொடங்குகின்றது. அதன் வாயுவைப் பிடித்தல் இயலாத காரியம். சீனி ஆலைகளில் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கும் பெல்வத்தை, செவனகல போன்ற இடங்களே முதலிற் கருதத்தக்கன. அங்கு மூடிய கலங்களும் அமுக்கும் பொறியும் அமைத்தால் நாட்டின் சோடாத் தொழிலுக்கும், தீயணைக்கும் கருவிகளுக்கும், நெற்களஞ்சியத்திற் பூச்சியை நஞ்சின்றிக் கொல்லுதற்கும் வாயு வழங்கலாம். 78 பாகைக் குறைவெப்பத்தில் திண்மமாகும் உலர்பனி, நம் கரையோர மீனைத் தொலைவிடங்களுக்குக் கொண்டுசெல்ல உதவும். காற்றினும் பாரமான இவ்வாயு பள்ளங்களில் தங்கி உயிர் குடிக்க வல்லது. ஆதலின் தொழிலாளர் காவலே முதற்செலவாக வேண்டும்.

இவையெல்லாம் கடலிற் கரைத்த பெருங்காயம் அன்றோ என ஒருவர் வினவலாம். உண்மைதான். எரிபொருளால் உலகம் ஆண்டுதோறும் வெளிவிடும் 3,700 கோடித் தொன்னுக்கு அளவான வாயுவுக்கு முன், பொருளாக்கப்படுவது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஆதலின் இத்தொழிலை உலகை மீட்கும் மருந்தென்று விளம்பரம் செய்வோரை நாம் நம்பலாகாது. எரிப்பதைக் குறைக்கும் கடமைக்கு இது ஈடாகாது. வந்த விளைவில் பாதியை வீணாக்காத நல்ல வேளாளனின் சிக்கனமாக இதனைக் கொள்வோமாயின் ஏமாற்றமில்லை. இரசாயனவியல் பயிலும் மாணவர் இம்மூன்று கணக்கையும் தாமே இட்டுப் பழகுக. முதல் படைத்த பழைய மாணவர், தொலைநாட்டு ஆலையின் படத்தைக் கண்டு மயங்காது, அருகிலுள்ள வடிசாலையின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாராக.