கயித்துக்கட்டிலுக்கும் ரூம் சர்வீஸ்! கோவை ரிசார்ட்டுகளில் விற்பனைக்கு வருவது யாருடைய கிராமம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், இன்ஸ்டாவில் ஒரே மாதிரி ரீல்ஸ் வரிசை கட்டும். தென்னந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. வாசலில் கயித்துக்கட்டில். பித்தளைச் சொம்பில் மோர். காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. மதியத்துக்கு வாழை இலையில் அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம். சாயங்காலம் எண்ணெய் மசாஜ். கடைசி ஃப்ரேமில் நீல நிற நீச்சல் குளம். கீழே கேப்ஷன்: 'கோவையிலிருந்து ஒரு மணி நேரத்தில் சொர்க்கம்!'

அன்னூர், மேட்டுப்பாளையம், அவிநாசி பக்கம் வளர்ந்தவங்களுக்கு இதைப் பார்த்தா லேசா சிரிப்பு வரும். நீச்சல் குளத்தைக் கழிச்சுட்டா மிச்சம் எல்லாம் அப்பிச்சி வீட்டுத் தோட்டத்துச் சாளைதானே! அதுக்கு ஒரு ராத்திரிக்கு ஐந்து இலக்கத்தில் வாடகையா?

சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா இந்தப் புது 'சொகுசு' நிலம், தண்ணீர், வரி என மூன்று இடத்தில் நம்மைத் தொடுகிறது. அடுத்த வீக்கெண்டுக்கு புக் பண்ணுறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் பார்த்துடலாம்.

சொகுசு ஏன் சமவெளிக்கு இறங்குது?

கோவையின் பெரிய ஹோட்டல்கள் பெரும்பாலும் வேலையை நம்பி வளர்ந்தவை. மில், பம்பு, ஆஸ்பத்திரி, கல்லூரி, ஐ.டி. கம்பெனி, அப்புறம் கல்யாணம். ரேஸ் கோர்ஸிலும் அவிநாசி சாலையிலும் நட்சத்திர ஹோட்டல்கள் நிற்பது இதனால்தான். ஓய்வெடுக்கணும்னா கோவைக்காரங்க கண்ணு நேரா ஊட்டிக்கும் குன்னூருக்கும்தான் போகும்.

அந்த மலைக்கு இப்போ கணக்கு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 கோடை சீசனில் நீலகிரிக்குள் போகும் சுற்றுலா வாகனங்களுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என உச்சவரம்பும் வந்தது. மலையில் இடம் குறையும்போது அடிவாரத்துக்கும் சமவெளிக்கும் மவுசு கூடுவது இயல்புதானே!

இன்னொரு காரணமும் இருக்கு. மலையிலும் அடிவாரத்திலும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார்கள். கோவையின் மேற்கு அடிவாரக் கிராமங்கள் பலவற்றில் கட்டடம் கட்ட, மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான 'ஹாகா' அனுமதி வேண்டும். யானை வழித்தடம்னா நீதிமன்றமே வரும். முதுமலையை ஒட்டிய சீகூர் பகுதியில் 2018 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 27 ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று, யானை வழித்தடம் பற்றிய தமிழ்நாடு அரசின் அறிவிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது.

அன்னூர் மாதிரி சமவெளி ஊருக்கு இப்படி யானையும் இல்லை, ஹாகாவும் இல்லை. கட்டட அனுமதி முதலான வழக்கமான அனுமதிகளை வாங்கினால் வேலை ஆரம்பம். அதனால்தான் இங்கே கேள்வி கேட்கும் பொறுப்பு ஊருக்கும் விருந்தாளிக்கும் வந்து சேருகிறது.

7,500 ரூபாய்க் கோடு

முதலில் பர்ஸ் விஷயம். ஹோட்டல் அறைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் மாறியது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவிகிதம். அதைத் தாண்டினால் 18 சதவிகிதம்.

நடைமுறையில் என்ன ஆகும்னு பாருங்க. 7,500 ரூபாய் அறைக்கு வரி 375. மொத்தம் 7,875. அதே அறைக்கு 7,600 ரூபாய் போட்டால் வரி 1,368. மொத்தம் 8,968. வாடகையில் கூடியது 100 ரூபாய், உங்க பில்லில் கூடியது 1,093 ரூபாய்! அதனால் ஆப்பில் தெரியும் விலையை நம்பி கார்டைத் தேய்க்காமல், வரியோடு சேர்ந்த தொகையைப் பார்ப்பது நல்லது.

இந்தக் கோடு சந்தையையும் ரெண்டாகப் பிரிக்கிறது. 7,500-க்குள் நிற்கும் சின்ன தோட்ட வீடுகளுக்கு இது சாதகம். கோட்டைத் தாண்டுகிறவர்கள், கூடுதல் வரியையும் கட்டிட்டு 'வொர்த்து'ன்னு விருந்தாளி சொல்லணும்னா ஏதாவது காட்டியாகணும். காட்டுவது பெரும்பாலும் என்ன? தண்ணீர்தான். நீச்சல் குளம், புல்தரை, அறைக்கு அறை பாத்டப்!

குளத்துல எவ்வளவு தண்ணி?

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். இது ரிசார்ட் கணக்கில் சின்ன குளம். இதை ஒரு தடவை நிரப்ப 60,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 5 லோடு. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கில் இது 1,000 பேருக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாள் தண்ணீர்.

கேட்க பயங்கரமா இருக்கும். ஆனா நியாயமா ஒன்றைச் சொல்லணும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கணும்னா ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அப்படிப் பார்த்தால் வாழைக்கும் கரும்புக்கும் போகிற தண்ணீருக்கு முன்னால் நீச்சல் குளம் சின்ன விஷயம். குளத்தை மட்டும் வில்லன் ஆக்குவது சரியில்லை.

சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. கிணறு வத்தினால் விவசாயி வெள்ளாமை வைக்காமல் நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார். ஏப்ரல், மே மாதத்தில் காடு காய்ந்து கிடக்கும். ரிசார்ட்டுக்கோ அதுதான் பீக் சீசன்! பள்ளிக்கூடம் லீவு, ரூம் ஃபுல். 'தண்ணி இல்லைங்க, அடுத்த மழைக்கு வாங்க' என்று புக் பண்ணினவங்ககிட்ட சொல்ல முடியுமா? போர் இன்னும் ஆழமா இறங்கும், இல்லைன்னா லாரி வரும். ஊருக்கே தண்ணீர் இல்லாத மாதங்களில்தான் அங்கே தேவை உச்சத்தில் இருக்கும்.

அன்னூருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பெரிய ஆறு இல்லாத, கிணத்தையும் போரையும் நம்பிய வறண்ட பூமி. அத்திக்கடவு-அவிநாசி திட்டத்துக்காக இந்தப் பக்கம் ஐம்பது வருஷத்துக்கு மேல் குரல் கொடுத்தது அதனால்தான். தாத்தா கேட்டது பேரன் காலத்தில் வந்தது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் ஓடும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி. எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. செலவு சுமார் 1,916 கோடி ரூபாய்.

குளம் நிறைஞ்சா நிலத்தடி நீர் ஊறும் என்பதுதான் திட்டத்தின் நோக்கமே. பொதுப் பணத்தில் ஊறும் அந்தத் தண்ணீரை விவசாயியின் கிணறும் எடுக்கும், ரிசார்ட்டின் ஆயிரம் அடி போரும் எடுக்கும். யாருக்கு மோட்டார் பெருசோ அவருக்கு அதிகம் என்று ஆகிவிட்டால், ஐம்பது வருஷப் போராட்டத்துக்கு என்ன அர்த்தம்?

ஏக்கர் ஏக்கராகப் போகும் நிலம்

அன்னூர் நிலத்துக்காகப் போராடத் தெரிந்த ஊர். 2021-ல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் சுமார் 3,800 ஏக்கரில் தொழில் பூங்கா என்ற அறிவிப்பு வந்தபோது விவசாயிகள் மாதக்கணக்கில் எதிர்த்தார்கள். 2022 டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. விவசாய நிலத்தைச் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டோம், தனியார் நிறுவனத்திடம் உள்ள சுமார் 1,630 ஏக்கரில் பூங்கா அமைப்போம் என்றது.

தொழில் பூங்காவுக்கு அரசாணை இருந்தது. அதை எதிர்த்து நிற்க ஓர் இடமும் இருந்தது. 'ஃபார்ம் லேண்ட்', 'வீக்கெண்ட் ஹோம்', 'ரிட்ரீட்' என்று போகும் நிலத்துக்கு அரசாணை கிடையாது. இங்கே ரெண்டு ஏக்கர், அங்கே அஞ்சு ஏக்கர். விற்பவரும் சந்தோஷமாகத்தான் விற்கிறார். பையன் பெங்களூரில், பொண்ணு மெல்போர்னில். வேலைக்கு ஆள் இல்லை. வாழைத்தார் விலை சந்தைக்குச் சந்தை மாறுது. விற்காதீங்கன்னு அவருக்கு அறிவுரை சொல்ல நாம யாரு?

ஆனா கொங்கு நாட்டில் ஒரு தோட்டம் தனியா நிற்பதில்லை. கூட்டுக் கிணறு என்றால் நாலு பங்காளிக்கு முறை வைத்துத் தண்ணீர். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, அதில் ஆடு மேயும், குருவி கூடு கட்டும். ஒரு பங்கு ரிசார்ட்டுக்குப் போய், அங்கே காம்பவுண்ட் சுவர் எழும்பினால் பாதை, முறை, மேய்ச்சல் எல்லாம் ஆட்டம் காணும். விருந்தாளி தேடி வரும் அழகே அந்த இட்டேரியும் வேலியும்தான். பிரைவசி கேட்டால் சுவர் எழும்பும், சுவர் எழும்பினால் அந்த அழகு போய்விடும்!

ஆஸ்திரேலியாவைக் கொஞ்சம் பார்க்கலாமா?

நகரத்துக்குப் பக்கத்தில் பண்ணைச் சொகுசு என்பதில் ஆஸ்திரேலியா நமக்கு சீனியர். மெல்போர்னிலிருந்து ஒரு மணி நேரத்தில் யாரா பள்ளத்தாக்கு. திராட்சை விளைவித்து, ஒயின் தயாரித்து, தோட்டத்திலேயே ருசி பார்க்க வைத்து விற்கிறார்கள். பெரிய கம்பெனிகளும் அங்கு உண்டு. ஆனாலும் விளைச்சல்தான் மையம், தங்கும் அறையும் உணவகமும் அதைச் சுற்றி வந்தவை. விளைச்சல் நின்றுவிட்டால் அங்கே பார்க்க ஒண்ணும் இருக்காது.

சிட்னி பக்கம் வேறு பாடம். நீல மலைப் பகுதியில் வோல்கன் பள்ளத்தாக்கில் 2009-ல் எமிரேட்ஸ் நிறுவனம் உலகத்தரமான ரிசார்ட் ஒன்றைத் திறந்தது. 2022-ன் கனமழையில் அங்கே போகும் மலைச்சாலை மூடப்பட்டது. 2023-ல் ரிசார்ட்டும் மூடப்பட்டது. எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும், அது நிற்பது ஊரின் சாலையிலும் நிலத்திலும்தான்.

நம்ம நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கு. மகாராஷ்டிரம் 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அங்கே விவசாயி நிலத்தை விற்க வேண்டாம். தன் பண்ணையிலேயே ரெண்டு அறை கட்டி விருந்தாளியை அழைக்கலாம். பகலில் வெள்ளாமை, வார இறுதியில் வாடகை. தமிழ்நாடும் 2023-ல் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஹோம்ஸ்டே பதிவுக்கும் வழி இருக்கிறது. தோட்டத்துக்காரரே முதலாளியாக இருக்கும் ரெண்டு அறை வீடுகள் அன்னூர் பக்கம் பெருகுவதற்கான உதவியும் வங்கிக் கடனும் வந்தால், நிலத்தை விற்கத்தான் வேணும் என்ற நெருக்கடி கொஞ்சமாவது குறையும்.

ரிசார்ட்டே கூடாது என்பது வாதம் இல்லை. நல்லா நடத்தினால் உள்ளூருக்கு வேலை, பால் காய்கறிக்கு நிலையான விலை, ஊராட்சிக்கு வரி எல்லாம் கிடைக்கும். அந்தக் காசு ஊருக்குள் சுத்துதா, ஊரை விட்டுப் போகுதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

புக் பண்ணும் முன் 5 கேள்விகள்

1. தண்ணீர் எங்கிருந்து வருது? போரா, லாரியா, மழைநீர்த் தொட்டியா? குளித்த தண்ணீர் தென்னைக்குப் போகுதா, சாக்கடைக்குப் போகுதா?

2. தோட்டத்துல நிஜமாவே வெள்ளாமை நடக்குதா? இல்ல, போட்டோவுக்கு நாலு வாழையா?

3. சமைக்கிறவங்க, வேலை செய்யிறவங்க எந்த ஊர்? பக்கத்து ஊர் ஆட்கள் இருந்தால் உங்க காசில் ஒரு பங்கு ஊரில் தங்கும்.

4. பால், காய்கறி, எண்ணெய் யாரிடம் வாங்குறாங்க? 'ஃபார்ம் டு டேபிள்' என்று மெனுவில் போட்டிருந்தால் எந்த ஃபார்ம் என்று கேளுங்க.

5. சுற்றுலாத் துறைப் பதிவு, கட்டட அனுமதி இருக்கா? அடிவாரம் என்றால் ஹாகா அனுமதி. தயக்கம் வேண்டாம், காசு கொடுக்கிறவர் கேட்கலாம்.

ஒரு போன் கால், அஞ்சு நிமிஷம் ஆகும். பத்துப் பேர் கேட்டால் ரிசப்ஷனில் இருப்பவர் முதலாளியிடம் சொல்வார். நூறு பேர் கேட்டால், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் மழைநீர்த் தொட்டியையும் அவங்களே ரீல்ஸில் காட்ட ஆரம்பிப்பாங்க.