ஷவரை மூடுங்க சார், நெம்மேலி ஓடிட்டிருக்கு!

ஓ.எம்.ஆர்ல பொட்டி தட்டுற மக்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஹெச்.ஆர்கிட்டேர்ந்து பச்சைக் கலர்ல ஒரு மெயில் வரும். உள்ளே ஒரு கால்குலேட்டர். எத்தனை நிமிஷம் குளிக்கிறீங்க, பைக்கா பஸ்ஸா, கறி தின்பீங்களா... எல்லாத்துக்கும் சமர்த்தா பதில் சொன்னா, "உங்களை மாதிரி எல்லாரும் வாழ்ந்தா ரெண்டரை பூமி வேணும்"னு திட்டும். உடனே நாலு பேர் ரிப்ளை ஆல்ல "ஷவர்ல குளிக்கிறதை விட்டுட்டேன்"னு சபதம் எடுப்பாங்க.

இந்த 'சூழலியல் காலடி'ங்கிற சமாசாரம் முதல்ல நம்ம பாத்ரூமை எட்டிப் பாக்குறதுக்காக வந்ததே இல்லை மக்கா. கனடாவுல வில்லியம் ரீஸ்னு ஒரு பேராசிரியர் 1992ல எழுதினாரு, அப்புறம் அவரோட மாணவர் மேத்திஸ் வாக்கர்நேகலோட சேர்ந்து வளர்த்தெடுத்தாரு. அவர் கேட்ட கேள்வி, ஒரு நகரம் தன் எல்லைக்கு வெளியே எவ்வளவு நிலத்தைத் தின்னு உயிர் வாழுதுங்கிறதுதான். நகரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அதைத் தனி ஆள் தலையில கட்டின புண்ணியத்துல பி.பி. எண்ணெய்க் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. 2004ல கார்பன் காலடி கால்குலேட்டரைக் கொண்டுவந்து விளம்பரம் பண்ணினவங்க அவங்க. எண்ணெய் விக்கிறவன் உங்ககிட்ட கணக்கு கேக்குறான், எப்படி இருக்கு கதை!

சரி, ரீஸ் கேட்ட மாதிரியே கேப்போம். சென்னையோட கால் எங்கே பதியுது? ஒரு கால் 200 கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் வீராணத்துல, 2004லேர்ந்து. இன்னொண்ணு எங்க செங்கல்பட்டு மாவட்டத்துல. கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற வழியில நெம்மேலி. 2013ல நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை. 2024 பிப்ரவரியில பக்கத்துலயே 15 கோடி லிட்டருக்கு இன்னொண்ணு. அது போதாதுன்னு பேரூர்ல 40 கோடி லிட்டருக்கு 2023 ஆகஸ்ட்ல அடிக்கல்.

ஆயிரம் லிட்டர் கடல்தண்ணியை சவ்வு வழியா அழுத்தி நல்ல தண்ணியாக்க, சுமாரா மூணுலேர்ந்து நாலு யூனிட் கரண்ட் ஆகும். நெம்மேலி ரெண்டும் முழுசா ஓடினா நாளுக்கு 25 கோடி லிட்டர். அதாவது குறைஞ்சது ஏழரை லட்சம் யூனிட். 2016லேர்ந்து வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு கொடுத்தாங்களே, அந்தக் கணக்குல 7,500 வீட்டோட ரெண்டு மாச இலவசக் கரண்ட் ஒரே நாள்ல காலி. அதுல பெரும்பங்கு நிலக்கரியிலேர்ந்து. சாம்பல் எங்கே விழுதுன்னு எண்ணூர்க்காரங்களைக் கேளுங்க. உறிஞ்சுற கடல்தண்ணியில பாதிகூட குடிதண்ணியா வராது. மிச்சம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உப்போட திரும்பக் கடலுக்கே. பக்கத்துல இருக்குற சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவங்க, கரை அரிக்குது, மீன் தள்ளிப் போகுதுன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்காங்க. அவங்களுக்கு எந்த ஹெச்.ஆரும் மெயில் அனுப்பலை.

"அப்ப 2019ல என்ன பண்ணச் சொல்றே?"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். நியாயமான கேள்வி. அந்த ஜூன்ல ஏரி எல்லாம் காய்ஞ்சு, ஓ.எம்.ஆர் கம்பெனிகள் ஆளுங்களை வீட்டுலேர்ந்தே வேலை பாக்கச் சொல்லி, ஜூலைல ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. அப்ப மீஞ்சூரும் நெம்மேலியும் இல்லேன்னா ஊர் நாறியிருக்கும். நான் ஆலையை இழுத்து மூடச் சொல்லலை. ஆபத்துக்கு வச்ச ஸ்டெப்னியை அஞ்சாவது சக்கரமா மாட்டிக்கிட்டு, 'நிலைத்த வளர்ச்சி'ன்னு ஸ்டிக்கர் ஒட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

ஏன்னா வட்டப் பொருளாதாரம் இந்த மாவட்டத்துக்குப் புதுசில்லை. இங்கே மழை மொத்தமா ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். அதுக்குத்தான் ஏரிச் சங்கிலி. மேல் ஏரி நிரம்பினா கலங்கல் வழியா கீழ் ஏரிக்கு, மதகு வழியா வயலுக்கு, வடிஞ்சது மறுபடி அடுத்த ஏரிக்கு, கோடையில தூர்வாரின வண்டல் திரும்ப வயலுக்கு. மதுராந்தகத்துல கோயில் சாமிக்கே பேரு ஏரி காத்த ராமர். 1790கள்ல கும்பினி கலெக்டர் லயோனல் பிளேஸ், இந்தக் கரை உடையாம இருக்கணும்னு கவலைப்பட்ட கதையை ஊர்ல இன்னிக்கும் சொல்வாங்க. அதே மாவட்டத்துத் தலைநகர்ல, ரயில்ல போறப்ப கண்ணுக்கு அழகா தெரியுதே கொளவாய் ஏரி, அதுல ஊர்ச் சாக்கடையை வருஷக்கணக்கா விட்டோம். வெள்ளைக்காரனுக்கு இருந்த கவலைகூட நமக்கு இல்லை :(

இப்ப இருக்குற ஏற்பாடு ஒரே நேர்கோடு. கடல், ஆலை, பிளாட்டு, கக்கூஸ். அங்கேர்ந்து சுத்திகரிச்சதும் சுத்திகரிக்காததுமா பள்ளிக்கரணைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகுது. கால்வாய் முட்டுக்காடு முகத்துவாரத்துல கடல்ல சேருது. அதுக்குக் கொஞ்ச தூரம் தெற்கேதான் நெம்மேலி கடல்தண்ணியை உறிஞ்சுது. ஆகா, வட்டம் முடிஞ்சிருச்சேய்யா!

கிண்டலை விடுங்க. நல்ல தண்ணியை உப்பிலிருந்து பிரிக்கிறதைவிட, சாக்கடையைத் திரும்பச் சுத்தம் பண்ண கரண்ட் கம்மியா ஆகும், ஏன்னா அதுல உப்பு ரொம்பக் குறைவு. இது நம்மூர்லயே நடக்குது. 2019ல கொடுங்கையூர்லயும் கோயம்பேட்டுலயும் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரிச்சு, மணலி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க ஆலை திறந்தாங்க. ரெண்டும் சேர்ந்து 9 கோடி. பேரூர்ல மட்டும் 40 கோடி. காசு எந்தப்பக்கம் சாயுதுன்னு பார்த்தீங்களா?

அடுத்த தடவை பச்சை மெயில் வந்தா நான் ரிப்ளை ஆல் போடப் போறேன். நம்ம கேம்பஸ் ஒரு நாளைக்கு எத்தனை டேங்கர் தண்ணி வாங்குது, எந்த ஊர்க் கிணத்துலேர்ந்து? ஏசிக்கும் டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்கும் செடிக்கும் நம்ம கழிவுநீரையே திரும்ப ஓட்டுறோமா, எத்தனை லிட்டர்? மீட்டர் ரீடிங்கை லாபியில டிவியில போடுவீங்களா?

டிஸ்கி: பதிவர்கள்ல ஓ.எம்.ஆர் பக்கம் குப்பை கொட்டுறவங்க உங்க ஆபீஸ்லயும் இதையே கேட்டு, என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்ரைசல் நேரமா இருந்தா கொஞ்சம் பார்த்து :)